செத்த கிருமி எழுந்த கதை

பரீட்சையில் பிரமாதமாக எழுதிய விடைதான், வாழ்க்கையில் தேவைப்படும்போது முதலில் மறந்துபோகும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். புற ஊதா விளக்கால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷின் தயாரிப்பார்கள். எனக்கு 'லேப் இன்சார்ஜ்' பதவி. (லேப் என்பது ஸ்டோர் ரூமில் ஒரு மேஜை.)

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் மிஷின் கேட்டது. "இந்த ஆர்டரும் வரலன்னா கம்பெனிய மூடவேண்டியதுதாம்மா" என்றார் முதலாளி சாலமன் சார்.

"ஒரு கிருமி பொழைக்காது சார், நான் காட்டறேன்" என்றேன்.

பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை அங்கேயே மிஷினில் விட்டேன். வெளியே வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, பளபளவென்று தெரியட்டும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். பிறகு பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்ட் அம்மா கொடுத்த மெதுவடையைச் சாப்பிட்டபடி, கிருமிகளின் மரணம் பற்றி நெடுநேரம் சொற்பொழிவாற்றினேன். கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு, மிஷின் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, கிருமி வளர்க்கும் இரண்டு தட்டுகளில் தனித்தனியே தடவினேன். உயிரோடு இருந்தால் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்து காட்டிக்கொடுக்கும்.

மறுநாள், காகிதத்தில் சுற்றிவைத்த தட்டுகளைப் பிரிக்காமலேயே எடுத்துப்போனேன். (முன்னாலேயே பார்த்துவிட்டால் சுவாரசியம் போய்விடுமாம்!) கரஸ்பாண்டென்ட், சாலமன் சார், ஒரு கணக்கு வாத்தியார் எல்லோரும் சுற்றி நிற்க, மேஜிக் ஷோ மாதிரித் திறந்தேன். முதல் தட்டில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவதிலும் வெள்ளைப் புள்ளிகள்.

"மேடம், இதுல எது செத்தது?" என்றார் கணக்கு வாத்தியார்.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான்! புற ஊதாக் கதிர் பட்டால் கிருமியின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதோடு கிருமியால் பெருக முடியாது. ஆனால் அதனிடம் ஒரு நொதி இருக்கிறது. வெளிச்சம் கிடைத்தால், அந்தச் சக்தியை வைத்தே ஒட்டியதைப் பிரித்துச் சரிசெய்துவிடும். நான் வடை தின்ற நேரமெல்லாம் அவை ஜன்னலோரம் ரிப்பேர் வேலை பார்த்திருக்கின்றன.

இதையெல்லாம் விளக்கினேன். கரஸ்பாண்டென்ட் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எங்க பசங்க இருட்டுலதான் தண்ணி குடிக்கணுமாம்மா?" என்றார்.

கணக்கு வாத்தியாருக்குக் காபி மூக்கில் ஏறியது.

வேனில் திரும்பும்போது சாலமன் சார் திட்டவில்லை. பல்லாவரம் தாண்டியதும், "தண்ணி மேல வெளிச்சம் படாம, மிஷினுக்குள்ள பெரிய லைட்டா போட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"எழுந்துக்க முடியாது சார். அடி பலமா இருந்தா ரிப்பேர் பண்றதுக்கு ஆள் மிஞ்சாது."

பெரிய விளக்கு, மூடிபோட்ட எவர்சில்வர் டேங்க் என்று மாற்றினார். மறுபடி சோதித்தோம். இந்த முறை பாட்டிலைக் கருப்புத் துணியில் சுற்றினேன்; வடையைத் தொடவேயில்லை. மறுநாள் மிஷின் தண்ணீர்த் தட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஆர்டர் கிடைத்தது.

கூடவே கணக்கு வாத்தியாரும் கிடைத்தார். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகிவிட்டது. இன்றும் சாப்பிடும்போது கரண்ட் போனால், பிள்ளைகள் மெழுகுவத்தி தேடுவார்கள். இவர் மட்டும் இருட்டில் குரல் கொடுப்பார்:

"எல்லாரும் சீக்கிரம் தண்ணி குடிங்க, கரண்ட் வந்துடப் போவுது!"