மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்

அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் ஒரு மைக் கிடைத்தால், அதை எங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பான். எனக்கு அப்போது அரைகுறைகூடத் தெரியாது. அதனால் இன்னும் சத்தமாக எடுத்தேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் பல் ஆஸ்பத்திரி மாடியில் என் ஸ்டூடியோ. (சுவரெல்லாம் பழைய மெத்தை சாய்த்த ஓர் அறை. மூட்டைப்பூச்சி இலவசம்.) நண்பன் ரபீக் டிரம்ஸ் வாசிப்பான். சென்னையில் ஒரு குழுவுக்கு டிரம்மர் தேவையாம், சாயங்காலத்துக்குள் வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“இதுவும் போச்சுன்னா அத்தா என்னைக் கடையில உக்கார வெச்சுருவாருடா” என்றான். அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. துணி மடிப்பது என்றாலே ரபீக்குக்குக் காய்ச்சல் வரும்.

மெத்தை அறையில் அவன் வாசித்தது அட்டைப்பெட்டியைத் தட்டியது போலிருந்தது.

“டிரம்ஸ் மட்டும் கேட்டா பத்தாதுடா, ரூமும் சேந்து கேக்கணும். பெரிய ரூமு, சிமெண்டுத் தரை. கிட்ட ரெண்டு மைக்கு, தூரத்துல ஒண்ணு. அந்தத் தூரத்து மைக்குலதான் உசுரே இருக்கு” என்றேன். வீடியோவில் பார்த்ததுதான். நானே கண்டுபிடித்த தோரணையில் சொன்னேன். பாவம், நம்பிவிட்டான்.

நாமக்கல் பக்கம் அக்கா வீட்டுக்காரருக்குக் கோழிப்பண்ணை. மக்காச்சோள லோடு வரும்வரை தீவனக் குடோன் காலி. டிரம்ஸோடு ரபீக்கையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், உள்ளே நின்று ஒரு கை தட்டினேன். ஆஹா! சத்தம் கூரைவரை போய், சாவகாசமாகத் திரும்பி வந்தது.

“வாசிச்சுக்கங்க மாப்ள, ஆரு வேண்டாம்னா? கோழிப் பக்கம் மட்டும் போயிராதீங்க” என்று சொல்லிவிட்டு மச்சான் முட்டை வண்டியைப் பார்க்கப் போனார்.

டிரம்முக்குக் கிட்டே இரண்டு மைக் வைத்தேன். மூன்றாவதை எதிர்ச் சுவரருகே வைத்தேன். நன்றாக இருந்தது. அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். நேரடி அடி குறைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் கூடியது. இன்னும் நன்றாக இருந்தது. மூலைக்கு நகர்த்தினேன்; ‘தொம்’ பெருத்தது. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான், “இன்னுங் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாக்கலாம்டா” என்று வாசலுக்குப் போனேன். பிறகு வாசலுக்கு வெளியே, குடோனுக்கும் கோழிக் கொட்டகைக்கும் நடுச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஹெட்போனில் கேட்டால், எங்கோ தேர் கிளம்பியது போல டிரம். கூடவே ஒரு பழைய காதல் பாட்டு!

கொட்டகை ரேடியோ. எங்கள் பக்கம் பல பண்ணைகளில் நாள் முழுக்க ரேடியோ பாடும். காதில் ஏதாவது விழுந்துகொண்டே இருந்தால்தான் கோழி, லாரி ஹாரனுக்கும் பட்டாசுக்கும் மிரளாது. எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கலைஞனுக்கு நிசப்தம் வேண்டுமே! உள்ளே போய் ரேடியோவை அணைத்தேன்.

கொட்டகையே கப்சிப். கூண்டுகளிலிருந்து அத்தனை கழுத்தும் நீண்டு என்னையே பார்த்தன. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ரபீக் தாளக்கணக்கு மட்டும் கேட்கும் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, பிஸ்மில்லா சொல்லி முதல் அடி அடித்தான்.

அடுத்து எழும்பிய சத்தத்தை எழுத எனக்குத் திறமை போதாது. கூண்டு வரிசையே குலுங்கியது. இறகு புகையாகப் பறந்தது. மச்சான் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“ரேடியோவ எந்த நாயி அமத்துச்சு?”

கையைத் தூக்கினேன்.

“நீங்களுங்களா? நல்லா இருங்க மாப்ள. ரொம்ப நல்லா இருங்க.”

(எங்கள் ஊரில் எவ்வளவு கோபம் வந்தாலும் மாப்பிள்ளை முறைக்காரனிடம் ‘ங்க’ போகாது. திட்டு வாங்கியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.)

உள்ளே ரபீக் எதுவும் தெரியாமல் கடைசி அடிவரை வாசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

“உசுரு வந்துச்சாடா?”

தூரத்து மைக்கில் உயிர் ஆயிரக்கணக்கில் வந்திருந்தது. இன்னொரு தடவை வாசிக்க வழியில்லை. மச்சான் குடோன் வாசலை மறித்து நின்றிருந்தார். கிட்டே வைத்த மைக்குகளில் மட்டும் டிரம் சத்தம் கோழியை அமுக்கியிருந்தது. உசுரில்லாத அந்த இரண்டையும் அனுப்பிவிட்டு பஸ் ஏறினோம். சேலம் வரும்வரை ரபீக் கைக்குட்டையை மடித்து மடித்துப் பழகிக்கொண்டு வந்தான். இறங்கும்போது, “கடைக்கு வா, உனக்குத் துணி கொறச்சுப் போட்டுத் தரேன்” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். “வாசிப்பு பிரமாதம். நல்ல வேளை, எதிரொலிய தனியா சேத்து அனுப்பல. அதெல்லாம் நாங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம்.”

ரபீக் தப்பித்தான். நான் தப்பவில்லை. கோழிகள் மிரண்டதில் ஒரு வாரம் பண்ணையில் ஓடு சரியாகப் பிடிக்காத தோல்முட்டைதான். விற்க முடியாததையெல்லாம் அக்கா எனக்கே கொடுத்தனுப்பினாள். “தின்னு சாமி, நீ போட வெச்சதுதான” என்று போனில் சிரித்தாள்.

இனி எந்தத் தடபுடலுக்கும் கோழி மிரளக் கூடாது என்று, ரபீக் வாசித்ததை மச்சான் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினார். இன்றும் ரேடியோ செய்தி வாசிக்கும் நேரத்தில் கொட்டகையில் அதுதான் ஓடுகிறது.

விசேஷ வீடுகளில் யாராவது என்னிடம், “ஸ்டூடியோ எப்படிப் போகுது?” என்று கேட்டால் போதும். நான் வாய் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொள்வார்.

“எங்க மாப்ளைக்கு ரசிகருங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் பாதியில எந்திரிச்சுப் போனதில்லீங்க.”