துண்டுக்குள் ஒரு கடைசிப் பந்து

ஒரு வீடியோ கேமுக்காகத் திருத்தணி முருகனுக்கு முடி காணிக்கை கொடுத்த ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.) இதில் முருகன்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் கிராபிக்ஸ் மேல்தான்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. அந்த வயதில் ஒருவனுக்கு இருக்கவேண்டிய கவலைகள் எதுவும் எனக்கு இருந்ததில்லை. பொம்மை நிஜம் மாதிரி இருக்கிறதா என்பது ஒன்றுதான் கவலை. என் அக்காவின் கணவர் சிங்கப்பூரில் வெல்டர். நான் பாவா என்று கூப்பிடுவேன். லீவில் வந்தபோது நான் நச்சரித்த நச்சரிப்பு தாங்காமல் ஒரு புது கன்சோலையும் ஒரு கிரிக்கெட் கேமையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். போட்டுப் பார்த்ததும் டி.வி.க்குக் கிட்டே போய் உட்கார்ந்துவிட்டேன். பேட்ஸ்மேன் நெற்றியில் வியர்வை இருந்தது. சட்டை காற்றில் படபடத்தது. சாயங்காலம் ஆக ஆக ஆட்களின் நிழல் நீண்டது.

பாவாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு எங்கள் வீட்டில் பள்ளிக்கூட நாளிலிருந்து கிடந்த பழைய டி.வி. கேம்தான் உயிர். மஞ்சள் கேஸட்டை ஊதிப் போட்டால், நாலைந்து கட்டங்களை அடுக்கினாற்போல ஒரு குட்டி ஆள் வருவான். அவனுக்கு மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது. பள்ளம் வந்தால் தாண்டுவான், காளான் வந்தால் மிதிப்பான். அவ்வளவுதான் அவன் வாழ்க்கை.

"எனக்கு மூஞ்சி வேணாம்பா. அமுக்கினா குதிக்கணும். உன் ஆளு நல்லா வேர்த்துகினு நிக்கறான், ஆனா நான் அமுக்கி டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் பேட்டைத் தூக்கறான்" என்றார் பாவா.

அது உண்மைதான். அந்த கேமில் பட்டனை அமுக்குவது தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது போலத்தான். மனு உள்ளே போகும், பரிசீலிக்கப்படும், பிறகு பேட் வரும். ஆனால் அதை நான் ஒப்புக்கொள்வேனா? "பாவா, இது நெஜம் மாதிரி கீது. தெரியாதவன் பாத்தா நெஜ மேட்சுன்னே நெனச்சுக்குவான்" என்றேன். என் வாயில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

கனகம்மாசத்திரத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெயர் சுகுணா. பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போய், வீட்டில் காட்டிக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அப்பா துரைசாமி மாமா, சொந்த நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற மனுஷன். மாப்பிள்ளை வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் வருவதாகப் பேச்சு. அந்த நம்பிக்கையில் நைனா (என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நானும் பாவாவும் கிரிக்கெட்டில் உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாடுகூட ஆகவில்லை, வாசலில் செருப்பு விடும் சத்தம்.

"சீக்கிரமே பஸ் கெடச்சிடுச்சு" என்றபடி உள்ளே வந்துவிட்டார் மாமா.

அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழு உத்தரவு இருந்தது. கல்யாணம் பேசுகிற பையன் பொம்மை விளையாட்டு விளையாடுகிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டேன். கையும் ரிமோட்டும் அதற்குள் போய்விட்டன. (கன்சோலோடு வயரில் தொங்கும் அந்தச் சமாசாரத்துக்கு எங்கள் வீட்டில் ரிமோட் என்றுதான் பெயர்.) பாவா சட்டென்று வயரின் மேல் ஒரு தலையணையைப் போட்டார். டி.வி.யை அணைக்கத்தான் எழுந்தார். ஆனால் மாமாவின் கண் அதற்குள் அங்கே போயிருந்தது.

"மேட்சா?" என்றார்.

கேம் என்று சொல்லியிருக்கலாம். பாவா அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் எனக்குள் ஒரு கர்வம் எழுந்துவிட்டது. தெரியாத மனுஷன் ஒருவர் வந்து, தானாகவே நிஜம் என்று சொல்கிறார். என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"ஆங், மேட்சுதான் மாமா. இந்தியா ஆடுது" என்றேன்.

மாமாவுக்குக் கண்ணாடி போட்டால்தான் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியும். நல்ல காரியத்துக்குப் போகும்போது அதைப் போட மாட்டார். எங்கள் டி.வி.யும் கலர் கொஞ்சம் வழிகிற பழைய பெட்டி. இரண்டும் சேர்ந்து கேமுக்கு இன்னும் உயிர் கொடுத்துவிட்டன. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி நான் பட்டனை விட்டால் இந்திய அணி மொத்தமும் மைதானத்தில் சிலையாக நிற்கும். எனவே துண்டுக்குள் நான் இந்தியாவைக் காப்பாற்ற ஆரம்பித்தேன்.

அம்மா காபி கொண்டுவந்து எனக்கும் நீட்டினாள். வாங்கக் கை இல்லை.

"இன்னா தம்பி, இந்த வெயில்ல துண்டைப் போத்திகினு? குளிரா?"

"அவனுக்கு லேசா ஜொரம் மாமா" என்றார் பாவா. உதவி செய்கிறாராம்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "அடிக்கடி வருமா?"

"சேச்சே, இன்னைக்குத்தான்."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பினார். "இந்த ஜனம் இன்னா எல்லாம் ஒரே நேரத்துல கையத் தூக்குது?"

"வெளிநாட்டு ஜனம் மாமா. ஒழுக்கம் ஜாஸ்தி."

அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். பாவா தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

ஆட்டம் முடியும் கட்டத்துக்கு வந்தபோதுதான் மாமா ஒரு குண்டைப் போட்டார். குரலைத் தாழ்த்தி, பாவாவிடம் சொல்வதுபோல எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

"பஸ்ல வரும்போதே மனசுல ஒண்ணு நெனச்சிகினு வந்தேன். இந்த வீட்டுல காலு வெச்சதும் மொதல்ல ஒரு நல்ல சேதி காதுல விழணும். விழுந்தா சம்பந்தம். இல்லன்னா யோசிக்கணும். வந்ததும் ஜொரம்னு காதுல விழுந்துச்சு. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த மேட்சு ஜெயிச்சா அதுக்கு இது சரியாப் போயிடும்."

துண்டுக்குள் என் கை வியர்த்துவிட்டது. இப்போது பேட்ஸ்மேனைவிட எனக்குத்தான் வியர்வையின் கிராபிக்ஸ் நன்றாக இருந்தது.

கடைசி ஓவர் ஆரம்பித்தது. எங்கள் கூடத்து ஜன்னலைத் திறந்தால் திருத்தணி மலை தெரியும். மாமா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தணிகேசா, இந்தியா ஜெயிக்கட்டும், புள்ளைக்கு ஜொரம் விடட்டும். புள்ளைக்கு மொட்டை போடறோம்" என்றார்.

வேண்டுதல் அவருடையது. தலை என்னுடையது.

அந்த நாளில் என் முடியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நடு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் நெற்றியில் விழும்படி, கழுத்தில் லேசாகச் சுருண்டு நிற்கும். தெருவில் போனால் ஒவ்வொரு பைக் கண்ணாடியிலும் அதை விசாரித்துவிட்டுத்தான் போவேன். அதைத்தான் மாமா முருகனுக்கு எழுதி வைத்துவிட்டார். நான் தோற்றால் சுகுணா போய்விடுவாள். ஜெயித்தால் முடி போய்விடும். இரண்டும் என் கட்டைவிரலில் இருந்தன. அசிங்கம்தான், ஆனால் ஒரு பந்து நேரம் நான் முடியின் பக்கம் சாய்ந்தேன். அந்தப் பந்தில் விக்கெட்டும் விழுந்தது. மாமா நெஞ்சில் கைவைத்து "ஐயோ" என்று சொன்ன தொனியில் சுகுணாவின் சாயல் இருந்தது. பெண் பார்க்கப் போனபோது காபி தளும்பியதும் அவள் இப்படித்தான் மெல்லச் சொன்னாள். அத்தோடு முடியை மறந்துவிட்டேன். எனக்கு அவள் வேண்டும்.

கடைசிப் பந்து. நாலு ரன் வேண்டும்.

பந்து வரும் முன்பே அமுக்கினேன். மனு உள்ளே போனது. பேட்ஸ்மேன் கண் சிமிட்டினான், மூச்சு விட்டான், சட்டை படபடத்தது. எல்லாம் தத்ரூபம். பேட் மட்டும் வரவில்லை. பந்து தாண்டிப் போகிற நேரத்தில் ஒரு ஓரம் உரசியது. விக்கெட் கீப்பர் அதைப் பிடிக்கப் பாய்ந்தவன், ஸ்டம்பில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். கேமில் ஏதோ கோளாறு. பந்து உருண்டு உருண்டு எல்லையைத் தொட்டது.

"அந்தாளு இன்னா நின்ன எடத்துலயே ஓடறான்?" என்றார் மாமா.

"டென்ஷன் மாமா" என்றார் பாவா.

ஜனம் ஒரே நேரத்தில் கையைத் தூக்கியது. மாமாவும் தூக்கினார். சாப்பிட்டுவிட்டு, மார்க்கெட்டிலிருந்து திரும்பிய நைனாவின் கையைப் பிடித்து, சம்பந்தம் உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார். கையில் பேப்பர்.

"சத்திரத்துல டீக்கடையில அந்தக் கடைசிப் பந்தை எல்லாருக்கும் சொல்லிகினு இருந்தேன். நின்ன எடத்துல ஓடினான் பாருன்னு ஓடியும் காட்டினேன். இந்தியா ஆடியே பத்து நாளாச்சுன்றாங்க. பேப்பர்லயும் ஒண்ணும் காணோம். இன்னா தம்பி அது?"

நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார். குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. அது என்னைக் குத்தியது. கன்சோலை எடுத்துவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டி.வி.க்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "எல்லாம் அட்டை" என்றார் ஜனத்தைப் பார்த்து. பிறகு ரிமோட்டை வாங்கி அமுக்கினார். முதல் பந்திலேயே போல்ட்.

"நான் அமுக்கினேன். அவன் அடிக்கல."

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன்" என்ற பாவா, சந்தடிசாக்கில் பழைய கேமின் மஞ்சள் கேஸட்டை ஊதிப் போட்டார். மூக்கில்லாத ஆள் வந்தான். மாமா நாற்காலியில் உட்கார்ந்து அமுக்கினார், குதித்தான். மறுபடி அமுக்கினார், குதித்தான். பள்ளத்தில் விழுந்தபோது மாமா தானும் நாற்காலியில் ஒரு எம்பு எம்பினார். சிரித்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பஸ்ஸை விட்டார். ஆள் காளானை மிதிக்கும்போதெல்லாம், என்னால் டீக்கடையில் பட்ட அவமானத்தையும் சேர்த்து மிதித்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ரிமோட்டைக் கீழே வைத்தார். "ஜொரமும் பொய்யா?"

"ஆமா மாமா."

"அப்போ ஒடம்பு நல்லாத்தான் கீது. அது ஒரு நல்ல சேதி." சற்று யோசித்தார். "நீ ஜெயிச்சியா இல்லியா?"

"ஜெயிச்சேன். ஆனா அது கேம்தானே மாமா?"

"மேட்சு பொய்யி. நான் மலையைப் பாத்து வேண்டிகினது பொய்யில்ல. கெளம்பு."

மலைமேல் முடி இறக்குகிற இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு, மாமா பக்கத்திலேயே கைகட்டி நின்றார். நடு வகிடு இருந்த இடத்தில்தான் கத்தி முதலில் இறங்கியது. மொட்டைக்குச் சந்தனம் தடவியது மாமாதான். கை ரொம்ப மென்மையாக இருந்தது.

கல்யாணம் உடனடி முகூர்த்தத்தில் வைத்துவிட்டார்கள். முடி வளர நேரமில்லை. மொட்டைத் தலையோடு எடுத்த என் போட்டோவைப் பாவா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு கடையில் கொடுத்து மண்டபத்து வாசலுக்கு ஃபிளக்ஸ் அடிக்கச் சொன்னார். (எங்கள் பக்கம் ஃபிளக்ஸ் கடைகளுக்கெல்லாம் பெயரில் கிராபிக்ஸ் என்று வரும். கவனிக்காமல் விட்டது என் தப்பு.) அந்தக் கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டு, யாரோ ஒரு சினிமா ஹீரோவின் தலையிலிருந்து முடியை எடுத்து என் தலையில் ஒட்டியிருந்தார். முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் மாமா அதன் முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஃபிளக்ஸைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார்.

"நெஜம் மாதிரியே கீது" என்றார்.

பின்னால் நின்ற சுகுணா மாலை குலுங்கச் சிரித்தாள். அவள் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காக இன்னொரு மொட்டைகூடப் போட்டிருப்பேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாராட்டு எல்லாமே அந்த ஒரு வாக்கியம்தான். பிளாஸ்டிக் பூவுக்கும் அதுதான், பக்கத்து வீட்டுக்காரர் தலைச்சாயத்துக்கும் அதுதான். பழைய கேமில் சுகுணாவை நான் இதுவரை ஜெயித்ததில்லை. போன மாதம் எங்கள் மகள் ஒரு புது கேம் வாங்கிவந்தாள். "அப்பா, இதுல ஆளுங்க முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடும்" என்று காட்டினாள். மாமாவுக்கு இப்போது நடமாட்டம் குறைந்துவிட்டது. சோபாவில் சாய்ந்திருந்தவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு டி.வி.யை வெகு நேரம் பார்த்தார். "நெஜம் மாதிரியே கீது" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"வேண்டிக்கட்டா மாப்ள?"

எனக்குத் தெரியாமலேயே என் இரண்டு கையும் தலைக்குப் போய்விட்டன.