கேட் பாஸும் என் பதினோரு மாத்திரைகளும்

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அரியமங்கலத்தில் மழைக்கு ஒழுகும் ஒரு ஷெட்டில், யாரோ வேண்டாமென்று கழித்த ஒரே ஒரு லேத்தோடு தொழில் ஆரம்பித்தேன். கடன் கேட்டுப் போனபோது பேங்க்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் மூன்று ஷெட் கட்டினேன். திருச்சியில் பாதி வீட்டு கேட்டுகள் என் வெல்டிங். மீதிப் பாதி துருப்பிடித்துவிட்டன. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், மகனை இன்ஜினியர் ஆக்கினேன். காலில் இரும்புத் துண்டு விழுந்த அன்றைக்கும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்பேர்ப்பட்ட என்னை வெறும் காலண்டர் தாளை வைத்து மடக்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கேட் பாஸ்.

அவருடைய சொந்தப் பெயர் ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தின் ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது. கைலாசபுரத்தில் குடியிருந்து, அங்கே பெரிய ஃபாக்டரியின் வாசலில் முப்பது வருஷம் சரக்கு சரிபார்த்தவர். என்ன சரக்கு, யார் அனுப்பியது, யாருக்கு, எதற்கு, என்றைக்குத் திரும்பும் என்று கேட் பாஸ் என்கிற சீட்டில் எழுதியிருந்தால்தான் அவர் முன்னால் லாரி நகரும். ரிடயர் ஆனார். பழக்கம் ரிடயர் ஆகவில்லை. எங்கள் இல்லத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. யாராலும் நீக்கவும் முடியவில்லை.

என் மகன் முதல்முறை ஆப்பிளோடு வந்தான்.

"பையில என்ன தம்பி?"

"ஆப்பிள் சார். ஒரு கிலோ."

"கிலோவைக் கேக்கல. எத்தனை உருப்படி? பை திரும்பிப் போகுமா, இங்கயே தங்கிடுமா?"

இன்ஜினியரிங் படித்த என் மகன் வாசலில் நின்று ஆப்பிளை எண்ணினான்.

இன்னொரு நாள் கோயிலிலிருந்து ஒரு புண்ணியவான் புளியோதரை கொண்டுவந்தார். கேட் பாஸ் அதையும் நிறுத்தினார். "பெருமாளே குடுத்தனுப்பினாலும் சீட்டு சீட்டுதாங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார். எத்தனை வாசலுக்கு உள்ள இருக்கறவர், வாசலோட அருமை அவருக்குத் தெரியும்." சீட்டு எழுதி முடிவதற்குள் புளியோதரை ஆறிவிட்டது.

இப்போது என் மாத்திரைகளுக்கு வருகிறேன். காலைச் சாப்பாடு முடிந்ததும் நர்ஸ் ரெஜினா சிஸ்டர் தட்டோடு வருவார். என் கிண்ணத்தில் மட்டும் ஒரு நாளைக்குப் பதினொன்று. எதிர் நாற்காலி ரயில்வேக்காரருக்கு வெறும் எட்டு. நான் கிண்ணத்தைக் குலுக்கிக் காட்டுவேன். "பாத்தீங்களா, முழு கிரிக்கெட் டீம். உங்களுக்கு இன்னும் மூணு ஆள் குறையுது." அவர் முகம் வாடிப்போகும். உழைத்த உடம்புக்கு மாத்திரையும் அதிகமாகத்தான் வேண்டும் என்பது என் கணக்கு.

ஆனால் டீம் முழுசாக இருந்தும் நான் விழ ஆரம்பித்தேன். காலையில் எழுந்தால் தரை மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். ஒரு முறை வாஷ்பேசின் அருகில், அடுத்த முறை சாப்பாட்டுக் கூடத்தில், ரயில்வேக்காரர் கண்ணெதிரிலேயே. எங்கள் இல்லத்தில் மூன்றாவது முறை விழுந்தவரைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கட்டிலுக்குக் கம்பி உண்டு, வெளிவாசலுக்கு அனுமதி கிடையாது. எனக்கோ வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி, காந்தி மார்க்கெட்டில் மாறி, அரியமங்கலம் போய் என் பழைய ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். லேத் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்வேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் இல்லத்து இட்லியைத் தின்றேன். மகன் போனில், "அப்பா, இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா ஷெட்டை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது முறை விழுந்த மறுநாள், கேட் பாஸ் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கையில் பதினோரு காலண்டர் தாள்.

"முதலாளி, உங்க உடம்புக்குள்ள பதினோரு சரக்கு போகுது. ஒண்ணுக்காவது சீட்டு இருக்கா?"

"டாக்டருங்க குடுத்தது. நீங்க யாருங்க கேக்க?"

"எந்த டாக்டரு? எதுக்கு? எத்தனை நாளைக்கு?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போட்டவன் இல்லை. என் தகரப்பெட்டியில் நான் போன எல்லா ஆஸ்பத்திரிச் சீட்டும் இருந்தது. இங்கிலீஷ்தான் எனக்கு வராது. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார்.

"குடலிறக்க ஆபரேஷன் எப்ப பண்ணிக்கிட்டீங்க?"

"நாலு வருஷம் இருக்கும்."

"அப்ப வயித்துக்கு ஒரு மாத்திரை. பத்து நாளைக்குன்னு எழுதியிருக்கு. நாலு வருஷமா உள்ளயே குடியிருக்கான் முதலாளி."

அதோடு விடவில்லை. பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்குக் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை வந்தது. அதனால் ராத்திரியெல்லாம் பாத்ரூம், தூக்கம் போச்சு. தூக்கத்துக்கு ஒன்று. அது காலையில் தலையைச் சுற்றவைக்க, தலைசுற்றலுக்கு ஒன்று. தேதிவாரியாகத் தாள்களைக் கட்டிலில் அடுக்கினார். "ஒருத்தன்தான் வேலைக்கு வந்தான். பின்னாலயே சொந்தக்காரன் மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டான்."

சிஸ்டரிடம் போனோம். "டாக்டர் எழுதினா நான் குடுத்தாகணும்ப்பா, நிறுத்த எனக்கு உரிமை இல்லை" என்றார். மாதம் ஒரு முறை வரும் டாக்டரம்மா அந்த வாரம் வந்தார். உட்கார நாற்காலி காலியாக இல்லை. அதில் பதினோரு சீட்டு பரப்பியிருந்தது. டாக்டரம்மா முதலில் சிரித்தார். மூன்றாவது சீட்டில் சிரிப்பு நின்றது. பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

"இதையெல்லாம் ஒரே இடத்துல வச்சு யாருமே பார்க்கலைங்கய்யா. ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க." வயிற்று மாத்திரையையும் தலைசுற்றல் மாத்திரையையும் அன்றே அடித்து நீக்கினார். இரண்டு பெயரில் ஒரே சத்து மாத்திரை இருந்தது, அதில் ஒன்று போயிற்று. பிரஷர் மாத்திரையை வேறாக மாற்றினார். வீக்கம் வடிந்தால் நீர் மாத்திரையை நிறுத்தலாம், தூக்க மாத்திரையைப் பாதி, கால் என்று மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் இருந்தவற்றில் கை வைக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். கேட் பாஸ் அந்தச் சீட்டுகளில் 'நிரந்தர ஊழியர்' என்று எழுதினார்.

நான்தான் அவசரப்பட்டேன். மூன்று போனதிலேயே உடம்பு லேசானது போலத் தெரிய, மீதியையும் நானே நிறுத்தினால் என்ன என்று தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தேன். நாலாவது நாள் பிரஷர் ஏகத்துக்கு ஏறிவிட்டது. கேட் பாஸ் தலையணையை ஒரு உதறு உதறினார். எல்லாம் கொட்டியது.

"கேட்ல நிக்கறவன் கேள்வி கேக்கலாம் முதலாளி. சரக்கைத் தூக்கிக் கடாச அவனுக்கே அதிகாரம் இல்ல, உங்களுக்கு யாரு குடுத்தா? மூணு ஷெட் கட்டினா டாக்டர் ஆயிடுவீங்களா?"

சிஸ்டரிடம் அவரே போய் என்னைப் போட்டுக்கொடுத்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. வாசலில் நான் போனால் என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் லாரி ஏதோ வருவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க்காரர் உட்காரச் சொல்லாதபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

அதன்பிறகு டாக்டரம்மா சொன்னபடியே நடந்தேன். சில மாதத்தில் பதினொன்று ஆறானது. தரை சாய்வது நின்றது. மூன்றாவது முறை நான் விழவேயில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அரியமங்கலம் புறப்பட்டேன். அவரும் கூட வந்தார். என் ஷெட் வாசலில் என்னையே நிறுத்தி, "உருப்படி ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பணும்" என்று சீட்டுக் கொடுத்தார். ஷெட்டில் வேலை செய்யும் பையன்கள் சிரித்தார்கள். நான் வாங்கி மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் இல்லத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோர் மாத்திரைக்கும் சீட்டு எழுதி, டாக்டரம்மா உட்கார்ந்து பார்க்கிறார். ரயில்வேக்காரர் நாலுக்கு இறங்கிவிட்டார். இப்போது கிண்ணத்தைக் குலுக்குவது அவர்.

போன தை மாதம் கேட் பாஸை அவர் மகள் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டார். போகும்போது கேட் பாஸ் தனக்கும் ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார். சரக்கு: பழைய ஆள் ஒருவர். திரும்பி வரவேண்டியதா என்ற இடத்தில் டிக். தேதி மட்டும் எழுதவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு சீட்டு அவர் எழுதியிருக்க மாட்டார்.

மருந்து அறை வாசலில் 'கேட் பாஸ் முறை' என்று நிர்வாகம் போர்டு மாட்டியிருக்கிறது. நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலில் உடம்பைக் கொடுத்தது யார்? நாலு வருஷத்துக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தது யார்? நிறுத்தக் கூடாததை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் காட்டியது யார்? அந்தப் போர்டில் என் பெயரும் வர வேண்டும். பெயின்ட் செலவு என்னுடையது. மேலே வேண்டாம், தனி வரியிலும் வேண்டாம். அவருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர் திரும்பி வந்து பார்க்கும்போது, பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.