பூட்டுக்காரர் ஹம்மஸ் அரைத்த கதை

அந்த வாரம் கடையைத் திறப்பதில்லை என்று பூட்டுக்காரர் முடிவு செய்தார். யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் தொலையட்டும். யார் கதவுக்கு வெளியே நின்றாலும் நிற்கட்டும். தன் கையால் ஹம்மஸ் அரைத்து, அதை மச்சினன் சாப்பிட்டு, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு அத்தான்" என்று அவன் வாயாலேயே சொல்லும்வரை இனி ஒரு பூட்டையும் தொடுவதில்லை.

காரணம் இல்லாமல் ஒரு மனுஷன் இப்படி ஆவானா?

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கடையைப் பெரிதாக்கினான். அதற்கு ஒரு விருந்து வைத்தான். அந்த விருந்தில்தான் பூட்டுக்காரர் முதன்முதலாக ஹம்மஸைப் பார்த்தார். கொண்டைக்கடலையை வேகவைத்து, எள் விழுது, சுட்ட பூண்டு, எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்தது. ஒரு கிண்ணம் நிறைய மேஜையில் தனியாக இருந்தது. மூத்த உறவு என்று தனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கரண்டியை எடுத்தார். கிண்ணம் பாதி காலியான பிறகு மச்சினன் வந்து சேர்ந்தான்.

"என்ன அத்தான், அது எல்லாரும் ரொட்டியில தொட்டுக்கறதுக்கு வச்சது. நீங்க ஐஸ்கிரீம் மாதிரி அள்ளி அடிக்கறீங்க?"

கூடம் மொத்தமும் சிரித்தது. கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள். தெரியாமல் செய்ததைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னானா? இல்லை. இதை மறக்கச் சொல்கிறவர்கள் யாரும் கையில் கரண்டியோடு அப்படி நின்றதில்லை.

அன்றிலிருந்து பூட்டுக்காரர் வாய்க்கு ஒரு பூட்டு. மச்சினனோடு பேச்சு இல்லை. அவனும் ரோஷக்காரன், அவனும் பேசவில்லை. ஆனால் இரண்டு வீடும் ஒரே தெருவில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்காருவார்கள். பேச்சு எல்லாம் அக்கா வழியாகத்தான்.

"உன் தம்பிகிட்ட கேளு, காபி வேணுமான்னு."

"அக்கா, அத்தான்கிட்ட சொல்லு, சர்க்கரை கம்மியா இருக்கட்டும்னு."

"கம்மின்னா எவ்வளவு கம்மின்னு கேளு."

"வாய் எரியாத அளவுக்குன்னு சொல்லுக்கா."

"சர்க்கரையில வாய் எப்படி எரியும்னு கேளு."

நடுவில் நிற்கும் அந்த அம்மாளுக்குத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி மேஜை மின்விசிறி மாதிரி ஆகிவிட்டது. காற்று ஒன்றுதான் வரவில்லை.

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி கடையை வேற ஊருக்கு மாத்தறான். அடுத்த மாசம் குடும்பத்தோட கிளம்பறான். தெரியுமா?"

பூட்டுக்காரர் கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"எந்த ஊரு?"

"தூரம். இனிமே ஞாயித்துக்கிழமை வரமாட்டான்."

ஊரை விட்டுப் போகிறவன் மேல் எப்படிக் கோபம் வைத்திருப்பது? கோபத்துக்கும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அதுவும் போக, அந்த ஒரு கரண்டி விஷயம் தவிர்த்துப் பார்த்தால் மச்சினன் மோசமானவன் இல்லை. பேச்சு நிற்பதற்கு முன்னால் ஞாயிறு மதியங்களில் இரண்டு பேரும் சேர்ந்து சும்மா கிடந்து ஊர் நியாயம் பேசுவார்கள். அந்த மாதிரிப் பேச்சுத் துணை சாமானியமாகக் கிடைக்காது.

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிடுங்களேன்," என்றாள்.

"நானா? முதல்லயா? தலையே போனாலும் பேசமாட்டேன்."

"அவனும் அதையேதான் சொல்றான்."

"அப்ப ஒரு போட்டி வச்சுக்கலாம். நானும் ஹம்மஸ் செய்யறேன், அவனும் செஞ்சு கொண்டு வரட்டும். யாருது மட்டமோ அவன்தான் முதல்ல பேசணும். அதுவும் சும்மா பேசறது இல்ல. தப்புன்னு சொல்லிப் பேசணும்."

"எது மட்டம்னு யாரு சொல்றது?"

"ரெண்டு பேரும் ருசி பாத்துச் சொல்லுவோம். நாக்கு பொய் சொல்லுமா?"

அவள் கத்தியை நிறுத்தி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "உங்க நாக்கு சொல்லாதுங்க," என்றாள். பூட்டுக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள், தம்பியும் ஒத்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று சொன்னாள். அன்றே கடையைப் பூட்டிவிட்டு, செய்முறையை ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டு வந்தார். அவர் சொன்னது இதுதான்: "வழவழன்னு வரணும்னா கடலைத் தோல் ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. பூண்டை முழுசா எண்ணெய் தடவி ஓவன் அடுப்புக்குள்ள வச்சு மெத்துன்னு சுடணும்."

தோல் ஒன்றுகூடப் போகக் கூடாது. அவ்வளவுதானே. பூட்டுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பியை எடுக்கிற கை அது. ஊறவைத்து வேகவைத்த கடலையை மேஜையில் கொட்டினார். வேலை விளக்கைப் போட்டார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டினார். பூட்டு வேலைக்கு வைத்திருந்த இடுக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். ஒரு கடலையைப் பிடித்தார். திருப்பினார். தோலின் விளிம்பைத் தேடினார். கவ்வினார். இழுத்தார். அடுத்த கடலை.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சோடா உப்பு போட்டு ரெண்டு கையாலயும் தேய்ச்சா தோல் தானா கழண்டு தண்ணியில மிதக்கும்."

"அது குறுக்கு வழி."

"நேர் வழியில போனா தம்பி ஊருக்குப் போய்ச் சேந்துடுவான்."

"நீ கதவைச் சாத்து. தூசி வருது."

மதியம் மாடி வீட்டுப் பல் டாக்டர் வந்து நின்றார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாராம்.

"கொஞ்சம் வந்து திறந்து குடுங்களேன்."

"கடலை முடியட்டும் டாக்டர்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீங்களும் ஒரு கை குடுத்தா சீக்கிரம் ஆகும்."

டாக்டர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் விளக்கடியில் குனிந்து தோல் உரித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு கடலையையும் எடுக்கும்போது பழக்க தோஷத்தில் "வலிக்குதா?" என்று கேட்டதைப் பூட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை. அப்படியும் முக்கால்வாசி மிச்சம் கிடந்தது. டாக்டர் பட்ட பாட்டுக்காகச் சபதத்தை அந்த ஒரு கதவுக்கு மட்டும் தளர்த்தி, திறந்துவிட மாடிக்குப் போய்த் திரும்பியபோது, மேஜையில் இருந்த கடலை எல்லாம் தோல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் சோடா உப்பு டப்பா.

"யாரு செஞ்சது?"

"நீங்கதான் செஞ்சுட்டுப் போனீங்க. மறந்துட்டீங்க," என்றாள் மனைவி.

தன் கையின் வேகத்தை நினைத்து அவருக்கே மலைப்பாக இருந்தது.

பூண்டு முதல் தடவை கரியாகிப் போனது. எதிர்வீட்டுக்காரர் வந்து, டயர் கடையில் தீப்பிடித்துவிட்டதா என்று விசாரித்தார். இரண்டாம் தடவை பூட்டுக்காரர் அடுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியாகப் பூண்டை முறைத்துக்கொண்டே இருந்தார். பூண்டு பயந்து ஒழுங்காக வெந்தது. தேன் நிறம். அழுத்தினால் பற்பசை மாதிரி பிதுங்கி வந்தது.

பிறகு மிக்ஸி. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டார். மிக்ஸி ஒரு முனகு முனகி நின்றது.

"கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. நடுநடுவுல ஐஸ் தண்ணி விடுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஐஸ் தண்ணீர் எடுக்கப் போனார்.

கடைசியில் வந்துவிட்டது. வெளுத்து, நுரைத்து, பட்டுத் துணி மடிந்த மாதிரி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் எண்ணெய் விட்ட எந்தப் பூட்டும் இவ்வளவு வழுவழுவென்று திறந்ததில்லை.

இவ்வளவு நன்றாக வந்தபிறகுதான் பயம் வந்தது. ருசி பார்க்கும்போது எது தன்னுடையது என்று மறந்துபோய்விட்டால்?

"இந்தா பாரு," என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை நீ கிண்ணத்துல போட்டுக் கொண்டு வரும்போது, என்னுதை வெள்ளைக் கிண்ணத்துல போடு. அவனுதை நீலத்துல போடு."

"அது கள்ளாட்டம் இல்லையா?"

"வெளியாளுங்களோட செஞ்சாத்தான் கள்ளாட்டம். குடும்பத்துக்குள்ள அதுக்குப் பேரு ஏற்பாடு."

"சரிங்க. வெள்ளைக் கிண்ணத்துல நீங்க செஞ்சதுதான் இருக்கும். சத்தியம்."

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, தளும்பிவிடும் என்பதுபோல அடிமேல் அடி வைத்து வந்தான். அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பூட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்தான். வெள்ளைக் கிண்ணமும் நீலக் கிண்ணமும் ஒரு தட்டு ரொட்டியும் வந்தன.

பூட்டுக்காரர் ரொட்டியைக் கிள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. இதைச் செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ரொம்ப நல்ல மனுஷனா இருக்கணும். தங்கமான கை."

மச்சினனும் தொட்டுச் சாப்பிட்டான்.

"அக்கா, அத்தான்கிட்ட சொல்லு. வாஸ்தவம். பிரமாதமா இருக்கு."

பூட்டுக்காரருக்குச் சட்டைப் பித்தான் தெறிக்கும்போல நெஞ்சு விரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் பூட்டுக்காரர் இல்லை. ஒன்றரை வருஷத்துக் கடன் இருக்கிறதே. நீலக் கிண்ணத்தில் ஒரு துண்டு ரொட்டியைத் தொட்டு வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன? சுவர்ல வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி வெடிப்பு அடைக்கப் பூசுவாங்களே, பட்டி. அதையா கொண்டு வந்து வச்சிருக்கன்னு கேளு."

"தம்பி, பட்டியாம்."

"எனக்கு நீலமும் நல்லாத்தான் இருக்குக்கா," என்று சொல்லி மச்சினன் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தான்.

"நல்லா இருக்கா? தோலோட அரைச்சிருக்கு, தொண்டையில நிக்குதுன்னு சொல்லு. பூண்டைச் சுடவே இல்ல, சும்மா அடுப்பைக் காட்டி மிரட்டி விட்டிருக்குன்னு சொல்லு. இதைச் செஞ்சவனுக்கு அவிக்கவும் தெரியல, அரைக்கவும் தெரியல, நல்லது சொல்லிக் குடுக்க வீட்ல ஆளும் இல்ல போலிருக்குன்னு சொல்லு."

"எல்லாத்தையும் சொல்லணுமா?"

"ஒண்ணு விடாம."

"தம்பி, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. இவ்வளவு திட்ட வேண்டாம்னு சொல்லு. பாவம், செஞ்சவரு மனசு என்ன பாடுபடும்?"

ஒருவனை ஒன்றரை வருஷம் காத்திருந்து திட்டும்போது அவனுக்குக் கோபம் வர வேண்டும். வராவிட்டால் திட்டுகிறவன் என்ன ஆவான்? பூட்டுக்காரர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னடா செஞ்சவரு கிஞ்சவருன்னு? செஞ்சது நீதானடா?"

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

"முதல்ல பேசிட்டீங்க," என்றாள்.

"நான் எங்க பேசினேன்? அது கேள்வி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா தம்பி."

மச்சினன் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினான்.

"நான் ஒண்ணும் செய்யல அத்தான். வெறும் டப்பாவைத் தூக்கிட்டு வாடான்னு அக்கா சொன்னா, வந்தேன். ரெண்டு கிண்ணத்துலயும் இருக்கறது நீங்க செஞ்சதுதான்."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணினியே."

"வெள்ளைக் கிண்ணத்துக்குத்தான் பண்ணினேன். அது உங்களுதுதானே? நீலத்தைப் பத்தி நீங்க சத்தியம் கேக்கலையே."

அவர் உட்கார்ந்தார். மச்சினன் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து வந்தான்.

"அத்தான், அன்னிக்கு உங்களைப் பாத்து அத்தனை பேரையும் சிரிக்க வச்சது தப்புதான். மறுநாளே வந்து சொல்லணும்னு கிளம்பினேன். வாசல்ல நீங்க முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. எனக்கும் வீம்பு வந்துடுச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டு ஊருக்குப் போக முடியல."

பூட்டுக்காரருக்குக் கண் கலங்கியது. பூண்டு காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். சுட்ட பூண்டில் ஏது காரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லவர்கள் என்பதற்கு அடையாளம்.

ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"என்னங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"ரெண்டும் ஒரே கைதான்னு. வாயில வச்ச உடனே தெரிஞ்சுது. சும்மா விளையாட்டுக்குப் பேசாம இருந்தேன்."

"அப்ப நீலக் கிண்ணம் பட்டின்னீங்க?"

பூட்டுக்காரர் உதவிக்கு மச்சினனைப் பார்த்தார். அவன் வாய் நிறைய ரொட்டி. நீலக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"பட்டிதான்," என்றார். "ஆனா உசத்தியான பட்டி."