ஏழாம் அடியில் மறைந்தவர்கள்

மேகங்கள் நடந்து களைத்து உட்காரும் உயரத்தில் முகிலடி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆறு இல்லை, கிணறு இல்லை. மூடுபனிதான் குடிதண்ணீர். வீட்டுக்கு வீடு கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள். பனி அதில் படிந்து சொட்டுச் சொட்டாகப் பானைக்குள் இறங்கும். விடிந்து எழுந்தால் எதிர்வீடு இருக்காது, தெரு இருக்காது, சில நாள் நீட்டிய கைகூட இருக்காது. யாரும் யாரையும் முழுதாகப் பார்த்ததில்லை என்பதால் அந்த நாட்டில் சண்டையும் குறைவு.

அந்நாட்டுப் பேரறிவகத்தில் பனி அளப்பவள் செண்பகவடிவு. அளக்கும் முறை எளியது. அவளுடைய தோழி ஒச்சம்மா வாசற்படியில் சிவப்புத் துணியொன்றை விரித்துப் பிடித்து நிற்பாள். செண்பகவடிவு துணியைப் பார்த்தபடியே பின்னோக்கி அடி வைப்பாள். துணி எத்தனையாவது அடியில் மறைகிறதோ அதுதான் அன்றைய பனி. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினோராம் அடியில் மறைந்துவிடும். இந்த ஆண்டு நாற்பது அடி போன பிறகும் துணி தெரிந்தது.

காரணம் மலையடிவாரத்தில் இருந்தது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும் காளவாய்கள் இரவு பகலாக எரிந்தன. அந்தச் சூடு மேலேறி வந்து பனியைத் தின்றது. இன்னும் நூறு காளவாய் வைக்க அவற்றின் முதலாளி மன்னரிடம் அனுமதி கேட்டிருந்தார். பனி குறைகிறதா இல்லையா என்று ஐப்பசி முதல் நாள் பேரறிவகம் சொல்லும். அதைப் பொறுத்துத்தான் அனுமதி.

"எங்க வலையில இப்ப ஒரு செம்புத் தண்ணிதான் விழுகுது, செம்பகம்" என்றாள் ஒச்சம்மா. "மருமக வேற புள்ளத்தாச்சி. நீ உள்ளத உள்ளபடி எழுதிப்புடு. அது போதும்."

"எழுதத்தான்டி போறேன். என்னைய யாரு தடுக்கப் போறா?"

யாரும் தடுக்கவில்லை. ஆதரித்தார்கள். காளவாய் முதலாளியே பனி ஆய்வுக்குப் புரவலராக முன்வந்தார். அறிவின் மீது அவருக்கு அவ்வளவு காதல். பேரறிவகம் பூரித்துப்போய், 'வெளியார் நல்கை பெறும் ஆய்வுகளுக்கான நடைமுறைக் கொள்கை' என்றொரு நீண்ட ஏட்டை இயற்றியது. பதிவாளர் அறம்வளர்த்தார் அதை வாசித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. கேட்டவர்கள் நடுநடுவே தூங்கி எழுந்து, விட்ட இடத்திலிருந்தே தலையாட்டினார்கள்.

புரவலர் முதலில் பத்து முழம் புதுச் சிவப்புத் துணி அனுப்பினார். "நிறுவனம் தழைத்தால்தான் ஆய்வு தழைக்கும். ஆகவே வெளியிலிருந்து வரும் எதிலும் பத்தில் நான்கு பங்கு நிறுவனத்துக்கே" என்றார் பதிவாளர். நான்கு முழம் அவருடைய சன்னலுக்குத் திரைச்சீலையாயிற்று. மிச்சத்தில் துறைத்தலைவர் கொஞ்சம் வெட்டிக்கொண்டார், நூலகர் கொஞ்சம். ஒச்சம்மா கைக்கு வந்தது மூக்குத் துடைக்கும் அளவுதான். அது இருபதாம் அடியிலேயே மறைந்தது. பனி இரு மடங்கு முன்னேறியிருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினார்கள்.

செண்பகவடிவு பதறிக்கொண்டு பதிவாளரிடம் ஓடினாள். "ஐயா, பனி ஒண்ணும் கூடல. துணிதான் சின்னதாப் போச்சு."

"அம்மையே, துணியைப் பற்றிக் கருத்துரைப்பது தங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தாங்கள் பனியைப் பற்றி மட்டுமே கருத்துரைக்கலாம். அதுவும் புரவலர் பார்வையிட்ட பின்னர்."

அடுத்து வந்த விதி, ஆய்வுக் கருவிகள் அனைத்தும் புரவலரின் நிறத்தைத் தாங்க வேண்டும் என்றது. சுண்ணாம்பு விற்பவரின் நிறம் என்னவாக இருக்கும்? ஒச்சம்மா கையில் வெள்ளைத் துணியைக் கொடுத்தார்கள். வெள்ளைப் பனிக்குள் வெள்ளைத் துணி ஏழாம் அடியில் கரைந்துபோயிற்று. முகிலடியின் வரலாற்றிலேயே அப்படியொரு பனி இருந்ததில்லை என்று அரண்மனை முரசு அறைந்தது.

பனி இத்தனை செழித்திருக்கையில் இவ்வளவு வலை எதற்கு என்று அரண்மனை ஆட்கள் பாதி வலைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஜனங்கள் தாகம் என்றார்கள். பதிவாளர் உடனே ஒரு விளக்கம் வெளியிட்டார். பனி போதுமா போதாதா என்பது ஆய்வின் முடிவு. அந்த முடிவு பேரறிவகத்துக்கும் புரவலருக்கும் மட்டுமே உரியது. ஆகவே 'தாகம்' என்று சொல்கிற எவரும் வெளியிடப்படாத முடிவைக் கசியவிட்டவர் ஆவார். அதன்பின் முகிலடியில் யாரும் தாகம் என்று சொல்லவில்லை. கனவில் நடப்பவர்களைப் போல உதட்டை நக்கிக்கொண்டு நடமாடினார்கள். ஒச்சம்மாவின் மருமகள் அவிழ்த்த வலையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் செண்பகவடிவுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஐப்பசி முதல் நாள் வந்தது. உச்சி வெயில். வானத்தில் பொட்டுப் பனி இல்லை. பேரறிவக வாசலில் மன்னர் குடைக்கீழ் அமர்ந்தார். புரவலர் உடல்நலம் கருதி வரவில்லை. அவருடைய நாற்காலிக்கு மாலை போட்டிருந்தார்கள். எல்லோரும் பார்க்க ஒருமுறை அளந்து காட்டும்படி ஆணையாயிற்று.

ஒச்சம்மா வெள்ளைத் துணியை விரித்தாள். செண்பகவடிவு பின்னோக்கி ஏழு அடி வைத்து நின்றாள். துணி தெரிந்தது. துணிக்குப் பின்னால் மன்னரின் மீசை தெரிந்தது, பதிவாளரின் சிவப்புத் திரைச்சீலை தெரிந்தது. 'மறைந்தது' என்று அவள் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

பதிவாளர் சமாளித்தார். "மன்னா, பனியின் அடர்த்தியைப் பாருங்கள்! ஆய்வாளரே மறைந்துவிட்டார். எழுத்தரே, குறித்துக்கொள்ளும்: ஏழாம் அடியில் மறைந்தார்."

மன்னர் அவள் கண்ணை நேராகப் பார்த்தபடி, "ஆமாம், காணவில்லையே" என்றார்.

அந்தக் கணத்தில் செண்பகவடிவுக்கு உடம்பு இலேசாயிற்று. மறைந்துபோன ஒருத்திக்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை அல்லவா? "எட்டு" என்று வாய்விட்டுச் சொன்னாள். "ஒன்பது. பத்து." யாரும் தடுக்கவில்லை. இல்லாதவளை எப்படித் தடுப்பது? தொலைவில், காளவாய்ச் சூடு எட்டாத மேற்கு மலை முடியில், கொஞ்சம் பனி உட்கார்ந்திருந்தது. அதை நோக்கித் திரும்பி, எண்ணிக்கொண்டே போனாள்.

"ஏ செம்பகம், நில்லுடி! நானும் வாரேன்!" ஒச்சம்மா துணியைப் போட்டுவிட்டு, மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். ஏழாம் அடியில் எழுத்தர் இருவரையும் மறைந்தவர்களாகக் குறித்துக்கொண்டார். பிறகு பானையும் கம்பும் மிச்ச வலையுமாக ஜனங்கள் ஒவ்வொருவராய் எழுந்தார்கள். எழுத்தருக்குக் கை வலித்தது.

நாலாயிரமாவது அடியில் செண்பகவடிவு திரும்பிப் பார்த்தாள். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வெறும் வீதி, குடை, குடைக்கீழ் மன்னர், அருகே பதிவாளர். பார்த்துவிட்டுப் பனிக்குள் நுழைந்தாள். அது அவள் முகத்தில் ஈரமாகப் படிந்தபோது அழுகை வந்தது.

ஏழடிக்கு அப்பால் ஒரு குடிமகனும் கண்ணில் படாத அளவுக்குப் பனி செழித்திருப்பதாக அறிக்கை முடிந்தது. நூறு காளவாய்க்கும் மன்னர் முத்திரை வைத்தார். வெயில் ஏறியிருந்தது. அவர் தொண்டையைத் தடவிக்கொண்டு, "பதிவாளரே, தாகமாக இருக்கிறது" என்றார்.

பதிவாளர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாக, மன்னா. புரவலர் இன்னும் பார்வையிடவில்லை."