தாங்கும் கரங்களுக்குத் தள்ளுபடி

பௌர்ணமியன்று பகலில், செங்கம் சாலை ஓட்டலின் வரவேற்பு மேசை அருகே இருந்தவர்கள் இவர்கள்தான்: காசி, அவர் மனைவி தங்கம்மாள், தங்கம்மாளின் தம்பி பிரசாத், மேசைக்குப் பின்னால் வினோதினி, சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்த மேனேஜர் முருகவேல். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சரசுவையும் சேர்க்க வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவள் அன்று வாயே திறக்கவில்லை. காசியின் ஊரான வேங்கிக்காலில், சலூனில் உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் நேரில் பார்த்ததாகக் கதை சொல்கிறவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சம்பந்தப்பட்டிருப்பது ஒரு கௌரவமான குடும்பத்தின் பெயர்.

காசி தன் மகள் கவியாவின் நிச்சயதார்த்தத்துக்காக, மாப்பிள்ளை வீட்டார் தங்க அறை எடுக்கப் போயிருந்தார். மறுநாள் காலை நிச்சயமும் அதே ஓட்டல் ஹாலில்தான். எல்லாம் பேசி முடிந்த பிறகு, வினோதினியின் தலைக்கு மேலே இருந்த பலகை அவர் கண்ணில் பட்டது.

‘சமூகத்தைத் தாங்கும் கரங்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி. மருத்துவர், செவிலியர், ஆசிரியர், காவல்துறையினர், ராணுவத்தினர்.’

காசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“ஏம்மா, இதுல விவசாயி எங்க?”

“எந்த விவசாயி சார்?”

“எந்த விவசாயியா? பொதுவா விவசாயி. நான்.”

வினோதினி பலகையைத் திரும்பிப் பார்த்தாள், இவர் கேட்டதால் புதிதாக ஒரு வரி முளைத்திருக்குமோ என்பதைப் போல.

“லிஸ்ட்ல இல்ல சார்.”

“அப்ப நான் சமூகத்தைத் தாங்கல?”

“நீங்க தாங்கறீங்க சார். ஆனா சிஸ்டம் எடுத்துக்காது.”

“யாரு தாங்கறாங்கன்னு யாரும்மா முடிவு பண்றது?”

“ஹெட் ஆபீஸ்ல.”

“ஹெட் ஆபீஸ்ல இருக்கறவங்க சோறு துன்றாங்களா, இல்ல ஊசி போட்டுக்கினு படுத்துடறாங்களா?”

பணத்துக்காக அவர் கேட்கவில்லை. பணம் தனக்கு ஒரு பொருட்டல்ல என்று, பேரம் பேசும்போதெல்லாம் காசி சொல்வது வழக்கம். இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

“சார், லிஸ்ட்ல இல்லாத எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க” என்றாள் வினோதினி. “போன வாரம் ஒரு ஜோசியர் சண்டை போட்டாரு. ஒரு குருக்கள் வந்து, உலகத்தைத் தாங்கற சாமியையே தோள்ல தாங்கறது நாங்கதான்னாரு. ஒரு கல்யாண புரோக்கர்கூட கேட்டாரு சார், நான் இல்லன்னா சமூகமே ஏதுன்னு.”

“வாங்க போலாம்” என்றாள் தங்கம்மாள். “ஒரு போர்டுகூட மல்லுக்கு நின்னுக்கினு.”

இந்த இடத்தில்தான் பிரசாத் மேசையின் மேல் முழங்கையை ஊன்றினான். கலெக்டர் ஆபீஸில் தற்காலிக வேலையில் இருப்பவன். எந்த விதிக்கும் ஒரு பக்கவாட்டு வழி உண்டு என்பது அவன் நம்பிக்கை.

“மேடம், மாமா அடக்கமா பேசறாரு. அவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்.”

காசி திடுக்கிட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும்: அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் பொய் சொன்னது கிடையாது. பக்கத்தில் ஒருவர் சொல்லும்போது மறுக்காமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“அப்படியா சார்! எங்க மேனேஜர் வாத்தியாருங்கன்னா உயிரையே விடுவாரு” என்று வினோதினி உள்ளே குரல் கொடுத்தாள். முருகவேல் கைகளைக் கூப்பியபடியே வந்தார்.

“வணக்கம் சார். எந்த ஸ்கூல்ல இருந்தீங்க?”

“செங்கம் பக்கம்” என்றான் பிரசாத்.

“நான் படிச்சதே செங்கந்தான்! எந்த ஸ்கூல் சார்? எல்லா ஹெட்மாஸ்டரையும் எனக்குத் தெரியுமே. பாதிப் பேரு என்னை அடிச்சிருக்காங்க.”

பிரசாத் முழங்கையை மேசையிலிருந்து எடுத்தான். “செங்கத்துலேர்ந்து வேற எடத்துக்குப் போயிட்டாரு சார். மிலிட்டரிக்கு. அங்க ஜவானுங்களுக்குப் பாடம் எடுத்தாரு.”

“வாத்தியாரு, மிலிட்டரி, ரெண்டுமா!” முருகவேல் விறைப்பாக நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார். “ரெண்டு தள்ளுபடி சேத்துத் தர முடியாது சார். ஆனா மரியாதையில கொறை வைக்க மாட்டோம்.”

வெளியே வந்ததும் காசி பிரசாத்தின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“டேய் மச்சான், மிலிட்டரின்னு ஏண்டா சொன்ன? சம்பந்தி யாருன்னு தெரியுமில்ல?”

பிரசாத்தின் முகம் மாறியது. அந்த அவசரத்தில் அவன் அதை மறந்திருந்தான்.

சம்பந்தி தருமன் பட்டாளத்துக்காரர். வேலூருக்குப் பக்கத்தில், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை. பெண் பார்க்க வந்த அன்றே கூடத்தின் நடுவில் நின்று அறிவித்திருந்தார்: “எனக்குப் பொய் சொல்றவன் ஆகாது. ஒரு பொய்யி காதுல உழுந்தாலும், தாலி கட்டற நேரமா இருந்தாலும் மகனை இட்டுக்கினு எழுந்து பூடுவேன்.” காசிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இப்படி ஒரு சம்பந்தம் கிடைத்ததை வேங்கிக்கால் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

“இப்ப போயி உண்மையச் சொல்லிடலாம் மாமா.”

“சொன்னா நாம பொய்யருங்கன்னு ஆயிடும்டா.”

“சொல்லாட்டியும் பொய்யருங்கதானே?” என்றாள் தங்கம்மாள்.

“சொல்லாட்டி யாருக்குந் தெரியாது.”

தெரியாமல் இருக்க முருகவேல் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வந்து நின்றபோது, ஓட்டல் வாசலில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன: ‘நல்வரவு! முன்னாள் ராணுவ வீரர், ஆசிரியப் பெருந்தகை காசி ஐயா இல்ல நிச்சயதார்த்தம்.’

தருமன் இறங்கினார். படித்தார். எழுத்துகள் ஒரு சுற்று ஓடி மறுபடி வரும்வரை நின்று படித்தார். முகம் வெளுத்தது.

“சம்பந்தி, நீங்க... பட்டாளமா?”

“மாமா அதை வெளியில சொல்றதில்லீங்க” என்று பிரசாத் குறுக்கே பாய்ந்தான். “பெருமை அடிச்சுக்கற ஆளில்ல.”

எந்த ரெஜிமென்ட், எந்த ஊர், எந்த வருஷம் என்று தருமன் கேட்பார் என்று காசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தருமன் எதுவும் கேட்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டிருந்தாலும் பரவாயில்லை, கேட்காமல் போனதைத்தான் காசியால் தாங்க முடியவில்லை.

சாப்பாட்டின்போது பேச்சைத் திருப்ப வேண்டி, காசி தன் நிலக்கடலையைப் பற்றி ஆரம்பித்தார். இந்த வருஷம் இலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டிப்போனதாகச் சொன்னார்.

“டிக்கா நோயி” என்றார் தருமன் உடனே. “ஆரம்பத்துலயே மருந்து அடிச்சிருக்கணும். பூ எறங்கறப்போ ஜிப்சம் போட்டு மண்ணு அணைச்சீங்களா?”

“அணைச்சேன். மழை ஜாஸ்தி ஆயிடுச்சு.”

“செம்மண்ணுதானே? தண்ணி நின்னிருக்காதே.”

காசி அசந்துபோனார். “பட்டாளத்துல இருந்துக்கினே இவ்ளோ எப்படி சம்பந்தி?”

தருமன் சாம்பார் வாளியைத் தேடினார். “லீவுல வருவேன் இல்ல.”

பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் முருகவேல் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“சார், ஒரு நல்ல சேதி. மூணாவது மாடியில ஒரு கர்னல் சார் தங்கியிருக்காரு. ஆசிரமத்துக்கு வந்தவரு. ரெண்டு பட்டாளத்துக்காரங்க சம்பந்தம் பண்றாங்கன்னதும் ரொம்ப சந்தோஷம் அவருக்கு. சாயந்தரம் காபிக்கு உங்க ரெண்டு பேரையும் இட்டாரச் சொன்னாரு. பழைய கதையெல்லாம் பேசணுமாம்.”

காசிக்குப் பாயசம் புரையேறியது. தருமனுக்கும் அதே நேரத்தில் புரையேறியது. தங்கம்மாள் ஒருவர் தலையையும், தருமனின் மனைவி சரோஜா இன்னொருவர் தலையையும் தட்டினார்கள்.

சாயங்காலம் காசி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கிரிவலம் போயிட்டு வரேன்.”

“முட்டி வலிக்குதுன்னு மார்க்கெட்டுக்கே ஆட்டோல போற ஆளு, மலைய சுத்தப் போறீங்களா?” என்றாள் தங்கம்மாள்.

“அண்ணாமலையான் கூப்புடறான்.”

“அவன் கூப்புடல. கர்னல் கூப்புடறாரு.”

முன்வாசலில் முருகவேல் பூங்கொத்தோடு நின்றிருந்தார். ஆகவே காசி சமையலறைப் பக்கமாகப் போய், அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சரசுவிடம் பின்கேட் எங்கே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் ஈரக்கையால் காட்டினாள். கேட்டில் பூட்டு திறந்தபடியே தொங்கியது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு காசி வெளியேறினார்.

பௌர்ணமிக் கூட்டத்தில் கலந்ததும் அவருக்கு உயிர் வந்தது. செருப்பில்லாத ஆயிரம் கால்களுக்கு நடுவே தன் கால்களை யார் அடையாளம் காண முடியும்? எம லிங்கத்தில் கும்பிட்டுத் திரும்பினார். கொஞ்ச தூரத்தில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, முறுக்கிய மீசை ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது.

தருமன்!

காசிக்கு உடனே விளங்கிவிட்டது. தான் நழுவியது தெரிந்து சம்பந்தி துரத்தி வந்திருக்கிறார். பின்னால் துரத்தினால் தப்பிவிடுவார் என்று முன்னால் போய் மடக்கப் பார்க்கிறார். பட்டாளத்து மூளை!

தருமன் திரும்பிப் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. தருமன் நடையை எட்டிப் போட்டார். மடக்க வசதியான இடமாகப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று காசி ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் பதுங்கினார். சாறு குடிக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் டீக்கடைத் தட்டிக்குப் பின்னாலிருந்து தருமன் எட்டிப் பார்த்தார். இப்படியே நிருதி லிங்கம் தாண்டியது, வருண லிங்கம் தாண்டியது, ஆதி அண்ணாமலையும் தாண்டியது. முட்டி வலி காசிக்கு நினைவிலேயே இல்லை.

இடுக்குப் பிள்ளையாருக்கு வந்தபோது தருமனைக் காணவில்லை. இதுதான் சமயம் என்று காசி வரிசையில் புகுந்தார். ஒருவர் மட்டும் ஒருக்களித்துப் படுத்து, நெளிந்து, மறுபக்கம் வர வேண்டிய சின்ன மண்டபம் அது. உள்ளே போய்விட்டால் பட்டாளமே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. காசி தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார். மத்தியானம் சாப்பிட்ட சாப்பாடு நுழையவில்லை.

“பெரியவரே, மூச்சை வெளிய உடுங்க!” என்று பின்னால் கூச்சல். “வயித்த எக்கு தாத்தா!”

முன்னால் இருந்து ஒரு கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. வெளியே வந்து விழுந்து நிமிர்ந்து பார்த்தார். சற்று முன்னர் அதே வழியாக வெளியே வந்து, சட்டையெல்லாம் புழுதியோடு நின்றிருந்தார் தருமன்.

இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

“நீங்களா சம்பந்தி?”

“நான்தான் சம்பந்தி.”

“கர்னல்...” என்று காசி ஆரம்பித்தார்.

“பாவம், காபி ஆறிப்போயிருக்கும்” என்றார் தருமன், மலையைப் பார்த்தபடி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “சம்பந்தி, ஒண்ணு சொல்றேன். பட்டாளத்துப் பேச்செல்லாம் நமக்குள்ள எதுக்கு? இனிமே அதை உட்டுடுவோம். நீங்களும் கேக்காதீங்க, நானும் கேக்கல.”

காசியின் கண் கலங்கிவிட்டது. எல்லாம் தெரிந்தும் மன்னிக்கிறாரே! இவரல்லவோ பெரிய மனிதர்! தருமனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தருமனும் ஏனோ அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். மீதி வழி முழுக்க இருவரும் நிலக்கடலையைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார்கள்.

காலையில் பில் வந்தது. தள்ளுபடி இல்லை.

“பௌர்ணமிக்கு எந்தக் கரத்துக்கும் கம்மி கெடையாது சார்” என்றாள் வினோதினி. “போர்டுலயே கீழ சின்னதா போட்டிருக்கு.”

காசி பணத்தை எண்ணி வைத்தார். மானம் பிழைத்ததே பெரிது.

ஹாலில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மாப்பிள்ளை ராஜா பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தான். கவியா அவனைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாம்பூலத் தட்டைக் காசி நீட்ட, தருமன் பிடித்தார். தட்டு பாதி இவர் கையிலும் பாதி அவர் கையிலும் இருந்தபோது, வேங்கிக்கால் பங்காளி ஒருவர், சலூனில் கேட்டதை அப்படியே சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.

“இன்னா காசி, கர்னலைப் பாத்துப் பயந்துக்கினு பின்கேட் வழியா ஓடிட்டியாமே! ஆட்டோக்காரன் பாத்தானாம். நெசப் பட்டாளத்துக்காரரு மட்டுந்தான் கெத்தா நின்னாராம், ஊரே சிரிக்குது!”

மேளம் நின்றது. தட்டில் இருந்த தேங்காய் லேசாக உருண்டது. “இன்னாங்க இது?” என்று சரோஜா எழுந்து நின்றாள். கவியாவின் முகம் சுண்டிப்போனது.

மூலையில் உதிர்ந்த பூவைப் பெருக்கிக்கொண்டிருந்த சரசு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அது சுத்தப் பொய்யிங்க. பின்கேட் பூட்டை நான் தொறந்தது இந்த வேலூர் ஐயா வந்து கெஞ்சினப்போ. அவருக்கு அப்புறம் இவரு வந்தப்போ அது தொறந்தேதான் கெடந்துச்சு.”