பின்னாடி ஒயர் இருக்கா?

அன்புள்ள ஒயர் மாமாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதினால், யாருக்கு ஆவல், இப்போது ஏன் ஆவல் என்று கேட்பீர்கள். ஆகவே ஆவலை விட்டுவிடுகிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அம்மா போன் செய்தால் எடுப்பதில்லை. காரணம் நான். கல்லூரியில் சதிக் கோட்பாடுகள் பற்றி நான் எடுத்த வகுப்பின் வீடியோவை யாரோ உங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். யார் என்று இந்நேரம் ஒரு பட்டியல் போட்டிருப்பீர்கள்.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு லிப்ட் மெக்கானிக்" என்றுதான் சொன்னேன். அவர் எதைப் பார்த்தாலும் "பின்னாடி ஒயர் இருக்கா பாரு" என்பார். தண்ணீர் மீட்டர் வெறும் காற்றுக்கே ஓடுகிறது என்று ஒருநாள் அதைக் கழற்றினார். உள்ளே தப்பாக ஒன்றும் இல்லை. "பாத்தியா, வர்றது தெரிஞ்சு எடுத்து ஒளிச்சுட்டான்" என்றார். கிடைத்தால் சதி. கிடைக்காவிட்டால் ஒளித்துவைத்த சதி. எந்தச் சாட்சியிடமும் தோற்காத சந்தேகம்தான் சதிக் கோட்பாடு என்று முடித்தேன். மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடியோவில் அந்தச் சிரிப்பை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஏழு வயது. விடுமுறை. ஏதோ ஓர் ஆறு மாடிக் கட்டடம். நிறுத்திவைத்த லிப்டுக்குள் நீங்களும் நானும். கிரீஸ் வாசனை. கதவை மூடும் பொத்தானை நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். நீங்கள் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, பலகையைத் திறந்து காட்டினீர்கள்.

"பாத்தியா? பின்னாடி ஒயரே இல்ல."

"அப்புறம் எதுக்கு மாமா வச்சிருக்காங்க?"

"கதவு அதுவா மூடிக்கும். அமுக்குறவனுக்கு ஒரு நிம்மதி வேணும்ல?"

பள்ளி திறந்ததும் வகுப்பில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அந்த வருடம் முழுக்க எனக்கும் பட்டப்பெயர் ஒயர்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு உங்கள் கம்பெனி. மூடப்போகிறார்கள் என்று ஒரு வருடம் முன்பே சொன்னீர்கள். மேனேஜர் வதந்தி என்றார். கூட வேலை பார்த்தவர்கள் கிறுக்கு என்றார்கள். அப்பாவும், "மச்சான், உங்களுக்குக் கற்பனை கொஞ்சம் ஓவர்" என்றார். ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் பூட்டு. அன்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருமுறை நிஜமாகவே ஏமாற்றப்பட்டவர் அதன்பின் எல்லாப் பலகையையும் கழற்றித்தான் பார்ப்பார். வகுப்பில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

இனி வீட்டுச் சங்கதி. எங்கள் கட்டடத்து லிப்ட் ஒன்பது நாளாக ஓடவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொல்கிறார், ஏதோ பார்ட்ஸ் வரணுமாம், ஆனால் அந்த மெக்கானிக்கை வேறு யாரும் கண்ணால் பார்க்கவில்லை, வீட்டுக்காரர்தான் பழைய குடித்தனங்களைத் துரத்த நிறுத்திவைத்திருக்கிறார் என்று மூணாவது மாடி பல் டாக்டர் சொல்ல, இல்லை கீழே இருக்கிற ஜிம் மாஸ்டர் ஆள் பிடிக்கிற வேலை என்று ரெண்டாவது மாடி டெய்லரம்மா சொல்ல, ஜிம் மாஸ்டர் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போய் இன்னொரு குழு ஆரம்பிச்சிட்டார், அதுல முதல் ஆளா சேர்ந்தது அப்பா, இதுக்கு நடுவுல பல் டாக்டர் வாங்கின வாஷிங் மெஷினைத் தூக்கிட்டு வந்தவங்க ரெண்டாவது மாடிப் படியிலயே வச்சிட்டுப் போயிட்டாங்க, டெய்லரம்மா அதுக்குள்ள வெங்காயம் கொட்டி வச்சிருக்காங்க, டாக்டர்கிட்ட வர்ற பேஷன்டெல்லாம் படியேறி மூச்சு வாங்குறதுல வாயை மூடவே மாட்டேங்குறாங்க, அது ஒண்ணுதான் அவருக்கு வசதி.

எல்லோரும் பேசுகிறார்கள், மாமா. ஒருவர் கையிலும் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. நீங்கள் சந்தேகப்பட்டால் கழற்றியாவது பார்ப்பீர்கள். அந்தச் சத்தம் இல்லாமல் வீடு என்னவோ போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்து லிப்டைப் பார்க்க வேண்டும். அத்தையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் சந்தேகங்களும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை மகள் (சின்ன ஒயர்)

பி.கு.: அம்மா இதைப் படித்துவிட்டு, "எங்கண்ணன் பாதியிலயே கண்டுபிடிச்சிடும், உண்மையைச் சொல்லித் தொலை" என்கிறாள். லிப்டில் ஒரு கோளாறும் இல்லை. மெக்கானிக் யாரும் வரவில்லை. மொட்டைமாடி அறையில் மெயின் சுவிட்சை வாட்ச்மேன் அணைத்துவைத்திருக்கிறார். உங்களை வரவழைக்க இந்த யோசனை அம்மாவுடையது. சாவி என்னிடம். மூன்று பேர் கூடிச் செய்கிற சதி மூன்று நாள் தாங்காது என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தேன். அதையும் திரும்பப் பெறுகிறேன். வந்ததும் மற்றவர்கள் நம்பும்படி எதையாவது கொஞ்ச நேரம் கழற்றிப் பூட்டுங்கள்.

இன்னொன்று. வீடியோவை அத்தை போனிலிருந்தோ அப்பா போனிலிருந்தோ யாரும் அனுப்பவில்லை. அனுப்பியது அம்மா. முழுசாகப் பார்க்கவில்லை, மகள் மைக் முன்னால் நிற்கிறாள் என்று அண்ணனுக்குக் காட்டும் ஆசை. பின்னாடி ஒயரே இல்லை, மாமா.